ஓர் அடேயப்பாவுக்காக

இதனால் ஏரி, மலை, மரம், பாறை, பறவை மற்றும் சம்பந்தப்பட்ட இன்னபிற அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இக்கரையில் ஒரு விருந்தினர் இல்லம் எழவிருக்கிறது. எழும், ஆனால் எழுந்ததே தெரியாது. அது மலையை மறைக்காது, மரத்தை வெட்டாது, பாறையை நகர்த்தாது. மனிதன் முதன்முறையாக இயற்கையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வீடு கட்டப்போகிறான். இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்படி அறிவிப்பை ஆர்க்கிடெக்ட் ஏரியைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, உரத்த குரலில் செய்தார். ஏரி ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான பல் டாக்டரம்மா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"பாத்ரூம் எத்தனை வரும் சார்?"

"டாக்டர், இப்ப அதுவா முக்கியம்? காத்து எங்கேருந்து வருதுன்னு கேளுங்க."

"சரி, எங்கேருந்து வருது?"

"ஏரியிலேருந்து. வராந்தா இந்த வீட்டுக்கு மூக்கு. கூடம் நெஞ்சு. பின்சுவர் உச்சியில துவாரம் வைக்கிறேன். காத்து மூக்கு வழியா வந்து, நெஞ்சு நிறைஞ்சு, அந்த வழியா வெளியே போகும். ஏசி கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்த வீடு மூச்சு விடும் டாக்டர்!"

"மூச்சு விடட்டும், நல்லதுதான். ஆனா ரூமுக்கு ஒரு பாத்ரூம் வேணும்."

ஆர்க்கிடெக்ட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரு கை விரல்களையும் சட்டம் போல் சேர்த்து, அதன் வழியாக டாக்டரம்மாவைப் பார்த்தார். எதையும் அப்படித்தான் பார்ப்பார். 'இந்தக் கோணத்துலேருந்து பாருங்க' என்று சொல்லாமல் அவருக்கு ஒரு வேளை சோறு இறங்காது. அதனால் தொழிலில் எல்லோரும் அவரைக் கோணம் சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதுதான். நாளடைவில் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவரும் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

கோணம் சாரின் கொள்கை அடக்கம். கட்டடம் அடக்கமாக இருக்க வேண்டும், கட்டடம் பேசக் கூடாது, கட்டடம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்று மேடை கிடைத்தபோதெல்லாம் பேசுவார். அடக்கத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மைக்கைப் பிடுங்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு அடக்கமான மனிதரின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அது அவருடைய சகலை.

மனைவியின் தங்கை வீட்டுக்காரர். படிப்பென்று பெரிதாக எதுவும் இல்லை. டைல்ஸ் கடை வைத்திருந்தவர், டைல்ஸ் ஒட்ட ஆள் அனுப்பினார், பிறகு டைல்ஸ் ஒட்டச் சுவரும் கட்டிக்கொடுத்தார், அப்படியே சுவரிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து ஹோட்டலுக்கும் ஏறிவிட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் கட்டிய ஹோட்டல் கப்பல் வடிவத்தில் இருந்தது. கடல் அங்கிருந்து ஒரு நாள் பயணம். ஆனாலும் வட்ட ஜன்னல்கள் உண்டு, புகைபோக்கி உண்டு, வாசலில் காரைவிடப் பெரிய நங்கூரம் ஒன்றும் உண்டு. போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று, அந்த நங்கூரத்தின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது.

அதைக்கூடக் கோணம் சார் பொறுத்துக்கொண்டிருப்பார். திறப்பு விழா அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காரை விட்டு இறங்கிய அவருடைய மனைவி, தலையை நிமிர்த்திக் கப்பலைப் பார்த்து, கையை மார்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அடேயப்பா!"

அந்த 'டே'யில் ஓர் இழுப்பு. 'யப்பா'வில் நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. கல்யாணமான நாள் முதல் கோணம் சார் அவளுக்குப் பள்ளிக்கூடம் காட்டியிருக்கிறார், நூலகம் காட்டியிருக்கிறார், வெயில் படாத ஒரு வங்கிக்கிளை காட்டியிருக்கிறார். "நல்லாருக்குங்க" என்பாள். ஊறுகாய்க்கும் அதே 'நல்லாருக்குங்க'தான். அடேயப்பா என்று ஒரு சொல் அவளிடம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். வீட்டிலேயே இருந்திருக்கிறது. யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே ஏரிக்கரை இல்லம் மேலோட்டமாகப் பார்த்தால் பல் டாக்டரம்மாவுக்காக. உள்ளே பார்த்தால் ஓர் அடேயப்பாவுக்காக.

வேலை நடந்தது. தோண்டிய மண்ணையே அச்சில் அழுத்திக் கல்லாக்கிச் சுவர் எழுப்பினார். அதனால் சுவர் தரையின் நிறத்திலேயே இருந்தது. கூரையின் சரிவைப் பின்னால் இருந்த மலையின் சரிவோடு ஒட்டிவைத்தார். நடைவழியில் ஒரு மரம் குறுக்கே நின்றது. மரத்தை விட்டுவிட்டு நடைவழியை வளைத்தார். மழைநீர்க் குழாய் கண்ணில் பட்டால் பாவம் என்று தூணுக்குள் இறக்கினார். ஜன்னலின் அடிக்கட்டையை, உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஏரியின் கரை அதன் மேலேயே படுத்திருப்பது போலத் தெரியும் உயரத்தில் வைத்தார்.

மேஸ்திரி ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், மணல் லாரிக்காரன் ரெண்டு தடவை நம்மளத் தாண்டிப் போயிட்டான். வீடு எங்கே வீடு எங்கேன்னு போன்ல கத்தறான்."

"தெரியலையாமா?" என்றார் கோணம் சார். முகத்தில் பூரிப்பு.

"ஆமா சார். நான் வேணா கொடி ஒண்ணு நட்டு வைக்கட்டுமா?"

"கொடியா! மேஸ்திரி, ரெண்டு தடவை தாண்டிப் போனான்னா நாம ஜெயிச்சுட்டோம்னு அர்த்தம்."

"மணல் வராம ஜெயிச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி போய்விட்டார்.

வீடு முடிந்தது. கோணம் சார் தன் மனைவியை அழைத்து வந்த நாளுக்கு ஒத்திகையே பார்த்திருந்தார். நேர் வழியில் கூட்டி வரவில்லை. மரங்களைச் சுற்றிச் சுற்றி, வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் வழியாகக் கூட்டி வந்தார்.

"என்னங்க, அந்தப் பக்கம் நேரா ஒரு வழி இருக்கே? இப்படிச் சுத்தறதுக்குக் காலு என்ன இரும்பா?"

"வாம்மா. மெதுவா பாத்துக்கிட்டே வா."

"எதைப் பாக்கணும்?"

அதற்குள் வாசல் வந்துவிட்டது. அவர் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து, கூடத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் போய் நின்றுகொண்டார். அவள் உள்ளே வந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டவள் நிலைய வாசலைக் கடப்பது போலக் கூடத்தைக் கடந்தாள். வராந்தாவுக்குப் போனாள். நின்றாள். கை தானாக மார்புக்குப் போனது.

"அடேயப்பா!"

அதே இழுப்பு, அதே மூச்சு. கோணம் சாரின் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே போய், ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"என்னம்மா?"

"ஏரிங்க! எவ்ளோ பெரிசு! கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி!"

"ஏரி சரி... வீடு?"

"வீடா? நல்லாருக்குங்க. உக்காந்து ஏரி பாக்க வசதியா இருக்கு."

அன்றிலிருந்து சகலையின் மேல் இருந்த எரிச்சலில் ஒரு பங்கு கழன்று வந்து ஏரியின் மேல் உட்கார்ந்தது.

விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் முன்னால் மனிதர்கள், பின்னால் ஏரி. படம் எடுப்பவனுடைய முதுகுப் பக்கம் வீடு. டாக்டரம்மா அந்தப் படங்களைக் கோணம் சாருக்கு ஆசையோடு போனில் அனுப்பிவைத்தார். அவர் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரே ஒரு படத்தில், குறுக்கே நின்று எடுத்ததில், ஒரு பருமனான மனிதரின் காதுக்குப் பின்னால் வராந்தாத் தூணில் கால்வாசி தெரிந்தது. அந்தப் படத்தை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"அந்த ஏரியில அப்படி என்னதான் இருக்கு?" என்றார் மனைவியிடம், சாப்பாட்டுக்கு நடுவில். "தண்ணி. நம்ம மொட்டைமாடித் தொட்டியிலயும் அதான் இருக்கு."

"அப்ப தட்டை எடுத்துக்கிட்டுப் போய்த் தொட்டிகிட்ட உக்காந்து சாப்பிடுங்க."

"இல்ல, சொல்றேன். அதோட கரையைப் பாத்தியா? ஒரு கோடு ஒழுங்கா இல்ல. எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு ஒரு யோசனை இல்லாம பரந்து கிடக்குது. நான் அப்படி ஒரு பிளான் போட்டா சும்மா விடுவாங்களா?"

"ஏங்க, ஏரியோடயா போட்டி?"

"போட்டியா? எனக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

இரவில் பல்லைக் கடிக்கிறார் என்பதை டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். இல்லத்தைப் பற்றிப் பேசக் கிளினிக்குக்குப் போனால், உட்கார அங்கே நோயாளி நாற்காலி ஒன்றுதான் காலி. உட்கார்ந்தவரை டாக்டரம்மா பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

"கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போயிருக்கே சார். தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க. மனசுல யார் மேலயாவது கோவமா?"

ஏரி மேல் என்று எப்படிச் சொல்வது? "வேலை டென்ஷன் டாக்டர்" என்றார்.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தார். வராந்தாவில் மூங்கில் தட்டி மாட்டி இறக்கிவிட்டார். விருந்தினர்கள் சுருட்டிக் கட்டினார்கள். நாற்காலிகளை எல்லாம் வீட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். விருந்தினர்கள் ஏரியைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். இந்தச் சண்டை இரு தரப்பிலும் ஒரு வார்த்தை பேசாமல் பல வாரம் நடந்தது.

அப்படி ஒரு மதியம் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சகலை வந்து நின்றார். தனியாக, சொல்லாமல் கொள்ளாமல்.

"என்னண்ணே, நீங்களே நாற்காலி தூக்கறீங்க?"

"வாங்க சகலை. ஏரி பாக்க வந்தீங்களா? அதோ அங்கே கிடக்குது, பாருங்க."

சகலை ஏரிப் பக்கம் திரும்பவில்லை. முற்றத்தில் இறங்கி, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கூரைச் சரிவு... பின்னாடி இருக்கிற மலைச் சரிவேதானே?"

கோணம் சாரின் கையில் இருந்த நாற்காலி நின்றது.

"மழைத்தண்ணி எங்கண்ணே இறங்குது? குழாயே காணோமே?" சகலை ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போனார். மூன்றாவது தூணில் நின்று சிரித்தார். "அட! உள்ளயா!" பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். மரத்துக்காக வளைந்த நடைவழியில் சுவரைத் தடவிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"உண்மையச் சொல்றேண்ணே, வயிறு எரியுது. என் கப்பலுக்கு எல்லாரும் கை தட்டறாங்க. ஆனா கட்டி முடிச்ச நாள்லேருந்து எனக்கே அதைத் திரும்பிப் பாக்கக் கூச்சமா இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு இந்த ஜென்மத்துல எனக்கு வராது."

எத்தனையோ வருடமாகக் கோணம் சார் காத்திருந்த வார்த்தைகள் இவை. ஒன்றுகூடக் குறையவில்லை. விலாசம் சரியாகத்தான் இருந்தது. கொண்டுவந்து கொடுத்த ஆள்தான் தப்பு. இவன் கிண்டல் செய்கிறான் என்று முதலில் நினைத்தார். காப்பியடிக்க வந்திருக்கிறான் என்று அடுத்து நினைத்தார். இரண்டும் இல்லாமல் மனதாரச் சொல்கிறான் என்று ஒரு மூன்றாவது வழியும் இருந்தது. அதில் போனால் இந்த மனிதனைப் பிடித்துப்போகும் அபாயம் இருந்ததால், அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை.

"உங்க நங்கூரம் நல்லா இருக்கு சகலை" என்றார்.

சகலைக்கு அடி எங்கே விழுந்தது என்று புரிந்தது. சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"அண்ணி என்னண்ணே சொன்னாங்க?"

"அவளா? ஏரி நல்லா இருக்குன்னா."

"ஏரி அவ்ளோ நல்லா தெரியுதுன்னா அதுவும் உங்க வேலைதானேண்ணே?"

கோணம் சார் காதில் 'ஏரி' வரைக்கும்தான் விழுந்தது. கேவலம் ஒரு கப்பல்காரன் கண்ணுக்குத் தெரிவது என் மனைவி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குறுக்கே நிற்பது எது? காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தார். ஊருக்குள் நுழைவதற்குள் விடை கிடைத்துவிட்டது. ஒரு சுவர்.

சுவர் என்று சும்மா சொன்னால் டாக்டரம்மா ஒப்புக்கொள்வாரா? அதற்கொரு தத்துவம் செய்துகொண்டு கிளினிக்குக்குப் போனார்.

"டாக்டர், எதையும் உடனே காட்டிட்டா அதுக்கு மதிப்பில்ல. ஏரியை நாம விருந்தாளிங்க மூஞ்சியில விட்டெறியறோம். இயற்கைக்கு அது அவமரியாதை. வராந்தாவுக்கு முன்னால ஒரு ஏக்கச் சுவர் வேணும். ஏரி அந்தப் பக்கம் இருக்குன்னு தெரியணும், ஆனா தெரியக் கூடாது. மனுஷன் ஏங்கணும். ஏக்கந்தான் டாக்டர் கட்டடத்தோட ஆன்மா."

வெளியே ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "ஆன்மாங்கறீங்க, கட்டுங்க. பாத்ரூம் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.

மேஸ்திரிக்கு விளங்கவே இல்லை. "முதல்ல வீட்டை ஒளிச்சு வைக்கச் சொன்னீங்க. சரின்னு ஒளிச்சோம். இப்ப ஏரியையும் ஒளிக்கணுமா? அப்புறம் வர்றவங்க எதைத்தான் சார் பாப்பாங்க?"

"அதுக்குத்தான் மேஸ்திரி கட்டறோம்" என்றார் கோணம் சார்.

சுவர் என்னவோ அருமையாகத்தான் வந்தது. அதே மண், ஆள் உயரத்துக்கு மேல், வராந்தாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இழுத்துக் கட்டிய சுவர். அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே சிறந்த சுவர் அதுதான். இந்தப் பக்கம் நின்றால் ஏரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதற்கான அறிகுறியே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் வரவழைத்தார். மனைவி, மச்சினி, சகலை, டாக்டரம்மா. வெயில் தகித்துக்கொண்டிருந்தது. மனைவி வழக்கம்போல விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து வராந்தாவுக்குப் போனாள். சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

"ஏரி எங்கேங்க?"

"இருக்கு. நீ உக்காரு."

உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு எதிரே ஒன்றும் இல்லாததால் அவள் கண் அலைந்தது. மேலே போய் உத்தரங்களில் ஊர்ந்தது. தூணில் இறங்கியது. கதவு வழியாக உள்ளே போய், நடைவழியின் வளைவில் சென்று நின்றது. கோணம் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க," என்றாள் மெல்ல, "அந்த மரத்துக்காகவா வழியை அப்படி வளைச்சீங்க?"

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. "ஆமாம்மா" என்றார். சகலையைக் கடைக்கண்ணால் பார்த்தார். கேட்டியா, கேட்டியா?

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. கை எழுந்தது. மார்புக்குப் போனது. உதடு பிரிந்தது. கோணம் சார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அடேயப்பா!" என்றாள். முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். "என்ன புழுக்கம்ங்க இது!"

"நானும் அப்பவே சொல்லணும்னு இருந்தேன்க்கா," என்றாள் மச்சினி, "மூச்சே முட்டுது."

டாக்டரம்மா கையில் கிடைத்த பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். "மூக்கு, நெஞ்சுன்னு என்னவோ சொன்னீங்களே சார்? இந்த வீடு மூச்சு விடும்னு?"

சகலை சுவரைப் பார்த்தார். திரும்பி, பின்சுவர் உச்சியில் இருந்த துவாரங்களைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடக் கோணம் சாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த அமைதியில் நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது.

"பல்லைக் கடிக்காதீங்க சார்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் டாக்டரம்மா கோணம் சாருக்கு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்கப் பல்லுக்கு ஓர் உறை செய்து கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் சுவரை இடித்தார்கள். இடிக்கும் வேலையைச் சகலைதான் எடுத்துக்கொண்டார். நன்றாக இடித்தார்.